'இலேசான மழை' யாருக்கு இலேசு?



டிசம்பர் முதல் பெப்ரவரி வரையான காலத்தில் வியாழன், வெள்ளி தினங்களில் வானொலிச் செய்தியின் கடைசியில் ஏறத்தாழ ஒரே அறிவித்தல்தான் திரும்பத் திரும்ப வரும். வார இறுதியில் கிழக்குக் கரையோரம் குளிர்ச்சியாக இருக்கும், வடகீழ்த் திசையிலிருந்து ஓரளவு காற்று வீசும், கரையோரப் பகுதிகளில் அவ்வப்போது இலேசான மழை பெய்யக்கூடும் என்பதே அதன் சாரம். வெள்ளம் என்ற சொல்லும் சூறாவளி என்ற சொல்லும் அதில் இல்லாததால் எம்மில் அநேகர் அதற்குக் காது கொடுப்பதில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டைப் புரட்டிப்போட்டதன் பின்னர் எமது கடைத்தெருவில் இரண்டு வகையானவர்களைக் காண்கிறேன். ஒரு சாரார் வானம் சற்று மந்தாரமானாலே கடையை இழுத்து மூடிவிட்டு, கைத்தொலைபேசியில் வரும் வதந்திகளை ஊரெல்லாம் அனுப்புகிறார்கள். மறுசாரார் சூறாவளி வராவிட்டால் அது ஒரு வானிலையே அல்ல என்று அலட்சியமாக இருக்கிறார்கள். வியாபாரிக்கு இரண்டுமே நட்டம். முதலாமவர் இல்லாத மழைக்குப் பயந்து இரண்டு நாள் வருமானத்தை இழக்கிறார். இரண்டாமவர் இருக்கின்ற மழையைக் கவனியாமல் சரக்கை இழக்கிறார்.

இந்தச் சாதாரண அறிவித்தலை ஒரு வியாபாரி எப்படி வாசிக்க வேண்டும் என்பதையே இவ்வாரம் பார்க்கப் போகிறோம்.

வாடை எங்கிருந்து வருகிறது?

எமது நாட்டின் காலநிலையை வளிமண்டலவியல் திணைக்களம் நான்காகப் பிரிக்கிறது. மார்ச், ஏப்ரல் முதலாவது இடைப்பருவம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவம். ஒக்டோபர், நவம்பர் இரண்டாவது இடைப்பருவம். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவம். எமது பெரியவர்கள் திணைக்களத்தைக் கேட்காமலே இதனைக் கச்சான் என்றும் வாடை என்றும் பிரித்து வைத்திருந்தார்கள்.

வடகீழ் பருவத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்பதால் ஆசியாவின் வடபகுதி கடுமையாகக் குளிர்ந்துவிடும். குளிர்ந்த காற்று பாரமானது. அது அங்கிருந்து தெற்கு நோக்கி நகரும்போது வங்காள விரிகுடாவின் மேலாக வருகிறது. கடல் நீரோ காற்றைவிடச் சூடாக இருக்கிறது. ஆகவே வழி நெடுகிலும் காற்று ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, திருகோணமலை, மட்டக்களப்பு, கல்முனை, பொத்துவில் என்று எமது கரையோரத்தைத் தொடுகிறது. குளிரும் காற்றும் தூறலும் ஒன்றாகவே வருவதற்குக் காரணம் இதுதான். பகலில் 28 பாகை செல்சியஸ், இரவில் 23 பாகை என்ற அளவில்தான் கரையோரத்தின் வெப்பநிலை இருக்கும். வெளிநாட்டவருக்கு இது குளிரே அல்ல. கச்சான் காலத்தின் வெக்கையில் ஊறிய எமக்கு இது போர்வைக் காலம்.

இதே காற்று மத்திய மலைநாட்டைக் கடந்து கொழும்புக்குப் போகும்போது பெருமளவு ஈரத்தை இழந்துவிடுகிறது. அதனால்தான் எமக்குத் தூறுகின்ற அதே சனிக்கிழமையில் கொழும்பில் வெயில் எறிக்கிறது. புறக்கோட்டையில் இருக்கும் மொத்த வியாபாரி 'இங்கே நல்ல வெயில், சரக்கை அனுப்பட்டுமா' என்று கேட்டால், அவருடைய வானத்தைப் பார்த்து நீங்கள் முடிவெடுக்கக் கூடாது.

மழை எத்தனை மணிக்கு?

மழை வருமா என்று கேட்பவர்கள் அநேகர். எப்போது வரும் என்று கேட்பவர்கள் குறைவு. வியாபாரிக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியமானது.

இடைப்பருவ காலத்தில் மழை பெரும்பாலும் பிற்பகல் இரண்டு மணிக்குப் பின்னர்தான் வரும். காலையில் வெயில் நிலத்தைச் சூடாக்கி, மேகம் திரண்டு, இடி மின்னலுடன் மாலையில் கொட்டித் தீர்க்கும். வடகீழ் பருவத்தில் கரையோர மழையின் குணம் வேறு. இரவில் நிலம் குளிர்ந்து, நிலத்திலிருந்து கடலை நோக்கி ஒரு மெல்லிய காற்று புறப்படும். அது கடலிலிருந்து வரும் வாடையுடன் கரைக்கு அண்மையில் மோதும்போது மேகம் திரளும். ஆகவே இந்தத் தூறல்கள் பின்னிரவிலும் அதிகாலையிலும் கரையோரத்தில் அதிகம். விடிந்து வெயில் ஏறியதும் சில மணி நேரம் வானம் வெளுப்பதுண்டு. கரையிலிருந்து உள்ளே போகப் போக இந்த மழை குறைந்துகொண்டே போகும்.

இதன் அர்த்தம் என்ன? ஒக்டோபரில் காலையில் காயப்போட்டு மதியத்துக்குள் அள்ளுகிறவர், ஜனவரியில் அதே நேரத்தைப் பின்பற்றக் கூடாது. காலை ஆறு மணிக்கே விரித்துவிடாமல், வானம் வெளுத்த பின்னர் விரித்து, அஸருக்கு முன்னர் அள்ளி மூடிவிட வேண்டும். இரவில் எதனையும் வெளியே விட்டு வைக்கக் கூடாது.

மில்லிமீற்றர் கணக்கு

அறிவித்தலில் மி.மீ. என்று ஒரு சொல் வரும். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் தண்ணீர் விழுந்தால் அது ஒரு மில்லிமீற்றர் மழை. இதனை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

50 மி.மீ., 75 மி.மீ., 100 மி.மீ. என்ற அளவுகளைப் பலத்த மழை பற்றிய அறிவித்தல்களில் கேட்டிருப்பீர்கள். ஐந்து மி.மீ. என்பது அவற்றின் பக்கத்தில் நிற்கவே வெட்கப்படும் மழை. ஆனால் நெல் காயப்போடும் சீமெந்துக் களம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 50 அடி நீளம், 40 அடி அகலம் என்றால் 2000 சதுர அடி. அதாவது ஏறத்தாழ 186 சதுர மீற்றர். அதன்மேல் ஐந்து மி.மீ. மழை பெய்தால் விழுகின்ற தண்ணீர் 930 லீற்றர்! ஒரு வீட்டின் கூரைத் தண்ணீர்த் தாங்கியை நிரப்பும் அளவு தண்ணீரை நெல்லின்மீது ஊற்றினால் என்ன ஆகுமோ அதுவே ஆகும். தெருவில் போகிறவருக்கு அது குடை விரிக்காமல் போகக்கூடிய தூறல். களத்துச் சொந்தக்காரருக்கு அது வெள்ளம்.

இலேசான மழை என்ற சொல் வானத்தின் அளவு. நட்டத்தின் அளவு அவரவர் தொழிலைப் பொறுத்தது.

காற்று இரட்டித்தால் அடி நான்கு மடங்கு

மழையைக் கவனிக்கின்றவர்கள்கூட காற்றின் வேகத்தைக் கேட்பதில்லை. மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்று 40 ஆக உயர்ந்தால் அது பொருட்களை அழுத்தும் விசை இரண்டு மடங்காகவே உயரும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது நான்கு மடங்காகிறது. 60 ஆக உயர்ந்தால் ஒன்பது மடங்கு. அறிவித்தலில் 30 முதல் 40 கிலோமீற்றர், இடைக்கிடையே 50 வரை அதிகரிக்கலாம் என்று சொன்னால், அந்த 50 என்ற எண்ணுக்குத்தான் உங்கள் கயிற்றைக் கட்ட வேண்டும்.

சனி, ஞாயிறுகளில் எமது ஊர்களில் வலீமா வைபவங்கள் அதிகம். திறந்த மைதானத்தில் கூடாரம் அடித்து, சஹன் சாப்பாடு வைக்கிறோம். கூடாரம் பாய்மரம் போன்றது. காற்றை முழுமையாக வாங்கும். கூடாரம் வாடகைக்கு விடுகின்ற சகோதரர்கள் மழைக்குத் தகரமும் படங்கும் கொண்டு வருகிறார்கள், காற்றுக்கு மேலதிகக் கயிறும் முளையும் கொண்டு வருவதில்லை. நடைபாதையில் துணி, பாதணி விரிப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

கடற்றொழில் பக்கம் பார்த்தால், இந்தக் காற்று நாட்டின் கிழக்குக் கரையில் கடலைக் கொந்தளிக்கச் செய்கிறது. தோணியும் சிறிய இயந்திரப் படகும் கரையேறிவிடும். கரைவலை இழுப்பவர்களுக்கும் வேலையில்லாத நாட்கள் வரும். அதேநேரம் நீர்கொழும்பு, பேருவளை போன்ற மேற்குக் கரைப் பகுதிகளில் கடல் அமைதியாக இருக்கும். தென்மேல் பருவத்தில் இது தலைகீழாகும். ஆகவே மீன் வியாபாரத்தில் உள்ளவர்கள் காற்றின் திசையைப் பார்த்தே லொறியின் திசையைத் தீர்மானிக்கிறார்கள். சாப்பாட்டுக் கடை நடத்துகின்றவர்களும் இதனைக் கற்றுக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை அறிவித்தலைக் கேட்டு ஞாயிற்றுக்கிழமை மீன் விலையை ஓரளவு ஊகிக்கலாம்.

2022 டிசம்பர் தந்த பாடம்

குளிரும் காற்றும் தூறலும் எமக்கு என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு ஓர் உண்மைச் சம்பவத்தை நினைவூட்ட விரும்புகிறேன்.

2022 டிசம்பர் இரண்டாம் வாரத்தில் மாண்டஸ் புயல் வங்காள விரிகுடாவில் இருந்தது. அது இலங்கையின் கரையைக் கடக்கவில்லை. டிசம்பர் 9ஆம் திகதி இரவு தமிழகத்தின் மாமல்லபுரத்துக்கு அண்மையில்தான் கரையைக் கடந்தது. எமது வடக்கிலும் கிழக்கிலும் அந்நாட்களில் ஏற்பட்டது குளிர்ந்த காற்றும் மழையுமே. ஆனால் அந்தச் சில நாட்களில் இவ்விரு மாகாணங்களிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் இறந்துபோயின. கடுங்குளிரே காரணம் என்று அதிகாரிகள் அறிவித்தார்கள். இவ்விரு மாகாணங்களிலிருந்தும் மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி வெளியே கொண்டுசெல்வது தற்காலிகமாகத் தடைசெய்யப்பட்டது.

ஆபத்து எங்கே இருந்தது? வெப்பநிலையை மட்டும் பார்த்தால் மாடு சாகின்ற குளிர் அல்ல. ஆனால் தோல் நனைந்து, அந்த ஈரத்தின்மீது காற்று இடைவிடாது வீசினால் உடலின் சூடு வேகமாக வெளியேறும். வெட்டவெளியில், கொட்டில் இல்லாமல், மெலிந்த நிலையில் நின்ற பிராணிகள் தாங்கவில்லை. குளிர், ஈரம், காற்று ஆகிய மூன்றும் தனித்தனியே சிறியவை. ஒன்று சேரும்போது பெரியவை. பால் மாடு இரண்டை வைத்துப் பிள்ளைகளைப் படிப்பிக்கின்ற குடும்பத்துக்கு அந்த இரண்டு மாடுகளும்தான் முதலீடு. நாலு கம்பும் ஒரு படங்கும் ஒரு கட்டு வைக்கோலும் இருந்திருந்தால் அவற்றில் கணிசமானவை பிழைத்திருக்கும். இறைச்சிக் கடைக்காரர்களும் பண்ணைக்காரர்களும் இந்தப் பாடத்தை ஒவ்வொரு டிசம்பரிலும் நினைவில் கொள்ள வேண்டும்.

யாருக்கு இலாபம், யாருக்கு நட்டம்?

ஒரே வானிலை ஒருவரின் கல்லாவை நிரப்புகிறது, பக்கத்துக் கடைக்காரரின் கல்லாவைக் காலியாக்குகிறது. முப்பது வருடங்களாகப் பலசரக்குக் கடையில் நின்ற அனுபவத்தில் சொல்கிறேன். வாடை வீசும் வார இறுதியில் இஞ்சி, கொத்தமல்லி, மிளகு, தேயிலை, பால்மா, கோதுமை மா ஆகியன வழமையைவிட வேகமாகப் போகும். தேநீர்க் கடையில் இஞ்சி பிளேன்டீயும் சூடான ரோல்ஸும் கட்லட்டும் மாலையில் போதாமல் போகும். போர்வை, கம்பளி, குடை விற்பவர்களுக்கும் இது பருவம். ஐஸ்கிறீம், குளிர்பானம், இளநீர் விற்பவர்களுக்கு இது சோதனைக் காலம்.

கருவாடு காயப்போடுபவர்கள் நிலை இன்னும் கஷ்டமானது. காற்று இருக்கிறது, ஆனால் அது ஈரக் காற்று. வெயில் விட்டுவிட்டு எறிக்கிறது. நல்ல வெயிலில் சில நாட்களில் காய வேண்டியது இழுபட்டு, புழு வைத்துவிடும். மருதமுனை போன்ற கைத்தறி ஊர்களில் சாயம் தோய்த்த நூலைக் காய வைப்பவர்களுக்கும் இதே தலையிடி. உப்பளங்களைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. விளைந்துகொண்டிருக்கும் பாத்தியில் மழை விழுந்தால் உப்பு மீண்டும் தண்ணீராகிவிடும். மழையால் உப்பு உற்பத்தி வீழ்ச்சியடைந்து, நாலு பக்கமும் கடல் சூழ்ந்த எமது நாடு 2025இல் வெளிநாட்டிலிருந்து உப்பு இறக்குமதி செய்ததை நாம் கண்டோம்.

கடைக்குள்ளே இருக்கும் சரக்கும் தப்புவதில்லை. மழை உள்ளே வராவிட்டாலும் ஈரக் காற்று வரும். சீனியும் உப்பும் கசியும், மா கட்டிபடும், சீமெந்து மூடை இறுகும். மூடைகளை வெறும் நிலத்தில் வைக்காமல் பலகையின்மேல் அடுக்குங்கள். சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி வையுங்கள். பழைய சரக்கை முன்னுக்கும் புதிய சரக்கைப் பின்னுக்கும் வைத்து முதலில் வந்ததை முதலில் விற்றுவிடுங்கள்.

படங்குக் கூலியா, பண்டத்தின் விலையா?

சரி, மழை வரலாம், வராமலும் விடலாம் என்ற நிலையில் எப்படி முடிவெடுப்பது? கைத்தொலைபேசி 40 சதவீதம் என்று காட்டுகிறது. அதன் பொருள், இதுபோன்ற பத்து நாட்களில் நான்கு நாட்கள் உங்கள் இடத்தில் மழை பெய்யும் என்பது. நாளில் 40 சதவீத நேரம் மழை பெய்யும் என்பதல்ல.

இதற்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. பாதுகாப்புக்கு ஆகும் செலவை, பாதுகாக்காவிட்டால் வரும் நட்டத்தால் பிரியுங்கள். வருகின்ற எண்ணைவிட மழைக்கான வாய்ப்பு அதிகமானால் செலவு செய்யுங்கள், குறைவானால் விட்டுவிடுங்கள்.

களத்தில் நெல் இருக்கிறது. படங்குக்கும் கூலிக்கும் 2,000 ரூபாய் ஆகும், நனைந்தால் 20,000 ரூபாய் நட்டம் என்று வைத்துக்கொள்வோம். பத்தில் ஒன்று. ஆகவே மழைக்கான வாய்ப்பு 10 சதவீதத்தைத் தாண்டினாலே மூடிவிட வேண்டும். ஒன்பது தடவை வீணாக மூடினோமே என்று சலித்துக்கொள்ளக் கூடாது. பத்தாவது தடவை அந்தச் செலவு முழுவதும் திரும்பி வந்துவிடும்.

மறுபுறம், வலீமாவை மைதானத்திலிருந்து மண்டபத்துக்கு மாற்ற 60,000 ரூபாய் மேலதிகச் செலவு, மழை வந்தால் ஒரு இலட்சம் நட்டம் என்று வைத்துக்கொள்வோம். பத்தில் ஆறு. 40 சதவீத வாய்ப்புக்காக மண்டபத்துக்கு ஓட வேண்டியதில்லை. கூடாரத்தை இறுக்கிக் கட்டி, சமையலடுப்புக்கு மேல் தகரம் போட்டால் போதும். ஒரே அறிவித்தல், ஒரே நாள். இருவருக்கும் சரியான முடிவு வேறு வேறு. பக்கத்துக் கடைக்காரர் செய்கிறார் என்று நாமும் செய்யக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

இந்தக் கணக்கில் எம்மவர்கள் அடிக்கடி விட்டுவிடும் ஒரு செலவு கூலியாட்களின் நாள். எமது பகுதியில் களத்து வேலைக்கு வரும் பெண்கள் பலர் காலையில் முச்சக்கரவண்டிக்குக் காசு கொடுத்து வருகிறார்கள். சென்ற ஜனவரியில் ஒரு முதலாளி, வந்து நின்ற பதினொரு பேரையும் வானம் கறுத்திருக்கிறது என்று சொல்லி வெறுங்கையுடன் திருப்பி அனுப்பியதைக் கண்டேன். அறிவித்தல் முதல் நாள் மாலையிலேயே வந்திருந்தது. ஒரு தொலைபேசி அழைப்பில் அவர்களின் வண்டிக் காசு மிஞ்சியிருக்கும். வேறு வேலையும் தேடியிருப்பார்கள். வானிலையை முன்கூட்டி அறிகின்ற வசதி முதலாளியிடம் இருக்குமானால், அதனைத் தொழிலாளிக்கு முன்கூட்டிச் சொல்கின்ற பொறுப்பும் அவரிடமே இருக்கிறது.

நனைந்துவிட்டால்?

எல்லா முயற்சியும் செய்த பின்னரும் சரக்கு நனையலாம். அப்போதுதான் வியாபாரியின் உண்மையான பரீட்சை ஆரம்பமாகிறது.

ஜனவரி இறுதியில் எமது பகுதியில் பெரும்போக அறுவடை தொடங்கும். நெல்லில் 14 சதவீத ஈரப்பதன் என்பது கொள்வனவுக்குரிய அளவு. 18 சதவீத ஈரத்துடன் 1,000 கிலோ நெல்லை ஒருவர் வாங்கினால், 14 சதவீதத்துக்குக் காய்ந்த பின் அது 953 கிலோவாகிவிடும். மீதி 47 கிலோவும் தண்ணீர். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டு நெல்லுக்கு அறிவித்த கிலோ 120 ரூபாய் என்ற விலையில் பார்த்தால், வாங்கியவர் 5,640 ரூபாயைத் தண்ணீருக்குக் கொடுத்திருக்கிறார். அத்துடன் ஈர நெல் குவியலுக்குள் சூடேறி, நிறம் மாறி, மணம் கெடும். அந்த நட்டம் தனி.

ஈரத்தைக் குவியலின் அடியில் போட்டு, காய்ந்ததை மேலே பரப்பி விற்பது இன்று நேற்று வந்த தந்திரமல்ல. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியல் ஒன்றுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டதையும், மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னபோது, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, ஏமாற்றுபவர் எம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்ததையும் நாம் அறிவோம். அந்த வியாபாரியிடம் மழை ஏன் பெய்தது என்று கேட்கப்படவில்லை. நனைந்ததை ஏன் மறைத்தாய் என்றே கேட்கப்பட்டது.

ஆகவே நனைந்த சரக்கைத் தனியாக வையுங்கள். நனைந்தது என்று சொல்லுங்கள். அதற்குரிய விலையில் விற்றுவிடுங்கள். அந்த வாரம் சில ஆயிரம் குறையும். அடுத்த அறுவடைக்கும் அதே கொள்வனவாளர் உங்களைத் தேடி வருவார்.

வெள்ளிக்கிழமை மூன்று கேள்விகள்

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைத் தமிழிலேயே பெறலாம். யாரோ அனுப்பிய குரல் பதிவை நம்ப வேண்டாம். பின்வரும் மூன்று கேள்விகளுக்கு ஒரு துண்டில் பதில் எழுதுங்கள். மழை எத்தனை மணியளவில் வரக்கூடும்? காற்று அதிகபட்சம் எவ்வளவு? எனது சரக்கில் இந்த இரண்டுக்கும் தாங்காதது எது?

மூன்றாவது கேள்விக்கான பதில் எந்த அறிவித்தலிலும் வராது. அது உங்கள் களஞ்சியத்தில் இருக்கிறது. வானத்தில் என்ன நடக்கும் என்பதைத் திணைக்களம் சொல்லும். அதனால் எமக்கு என்ன நடக்கும் என்பதை நாம்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம் அறுவடைக் காலத்தில் கடனுக்குச் சரக்குக் கொடுப்பது பற்றிப் பார்ப்போம்.